மின்சாரக் காரில் ராமேஸ்வரமா?

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ. நிறுவனம் சொல்லும் ரேஞ்ச் 300 கி.மீ. என்றால் 200தான் என்று கணக்குப் போடுங்கள். நெடுஞ்சாலை வேகம், நாலு பேர், பெட்டி, ஏசி எல்லாம் சேர்ந்து மீதியைத் தின்றுவிடும். ஆடி மாதத்தில் பாம்பன் பக்கம் அடிக்கும் காற்றும் பங்கு கேட்கும். ஐரோப்பியர்களுக்குக் குளிர்காலம் தலைவலி. நமக்கு அக்னி நட்சத்திரம். வெயிலில் நிறுத்திய காரை உடனே வேக சார்ஜரில் போட்டால், பேட்டரி குளிரும்வரை சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும்.

ராமநாதபுரத்திலேயே 80 சதவீதம் ஏற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஏறுவது மந்தம், காத்திருப்பது வீண். செயலியில் காட்டும் நிலையம் வேலை செய்கிறதா என்று போன் போட்டுக் கேட்பது நல்லது. லாட்ஜில் அறை எடுக்கும்போதே எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக் உண்டா என விசாரியுங்கள். 40 யூனிட் பேட்டரி அதில் நிரம்ப 13 மணி நேரமாவது ஆகும். ராத்திரி கரண்ட் போனால் காலையில் அரிச்சல்முனை போய்வருவது சிக்கல். போக வர சுமார் 40 கி.மீ.

கடலோரத்தில் முக்கிய எதிரி உப்பு. ஊர் திரும்பியதும் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சார்ஜ் துளைக்குள் மட்டும் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல்நீர் ஏறிய சாலை என்றால் திரும்பிவிடுங்கள். 2022இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புயலின்போது உப்புநீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, பிறகு தீப்பிடித்தன. அப்படி நனைந்த காரை சார்ஜில் போடாமல், வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்தி, சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள்.