லினக்ஸில் மென்பொருள் நிறுவுவது எப்படி?

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. 1993இல் தோன்றிய டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. உங்கள் அண்ணனோ அக்காளோ பயன்படுத்திய அத்தகைய கணினி வீட்டில் இருக்கிறதா? தனிம வரிசை அட்டவணையைக் காட்டும் ‘கால்சியம்’ என்னும் இலவச மென்பொருளை அதில் நிறுவிப் பார்ப்போம்.

இணையத்தில் கண்ட இடத்திலிருந்தெல்லாம் கோப்புகளை இறக்காதீர்கள், நச்சுநிரல் கலந்திருக்கலாம். லினக்ஸுக்கென்றே களஞ்சியங்கள் உண்டு. கோவையில் பம்புசெட் வாங்குகிறவர் மோட்டாரோடு ஸ்டார்ட்டர், கேபிள், குழாய் யாவும் வாங்குவார். ஒன்று குறைந்தாலும் தண்ணீர் ஏறாது. மென்பொருளும் அவ்வாறே வேறு பல தொகுப்புகளைச் சார்ந்தது. ‘ஆப்ட்’ என்னும் கருவி அவற்றைத் தானே கண்டறிந்து, களஞ்சியத்தின் மின்கையொப்பத்தையும் சரிபார்த்துக் கொண்டுவரும்.

இணைய இணைப்புடன் டெர்மினலைத் திறந்து, ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். சூடோ என்பது எஸ், யு, டி, ஓ. ஆப்ட் என்பது ஏ, பி, டி. கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றும் தோன்றாது; விசைப்பலகை பழுதாயிற்றோ என்று அஞ்ச வேண்டாம். இக்கட்டளை பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். அடுத்து, ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கால்சியம்’. வேதியியல் நூலின் எழுத்துக்கூட்டு இங்கே செல்லாது! முதல் ‘சி’க்குக் ‘கே’யும், இரண்டாவதற்கு ‘இசட்’டும் இடவேண்டும். எவ்வளவு இறங்கும் என்று கணினி சொல்லும். சம்மதமானால் ‘ஒய்’ தட்டுங்கள்.

களஞ்சியம் காணவில்லை என்று பிழைச்செய்தி வந்தால், இணைய இணைப்பை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், பெரும்பாலும் லினக்ஸ் பதிப்பு பழையதாகியிருக்கும். கோப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டு, புதிய பதிப்பை நிறுவிய பின் தொடருங்கள்.