கோழிகளின் சிறுபிணிகள்

கோழி வளர்க்கத் தொடங்கும் நண்பர்கள் முதலில் அறிய வேண்டுவது மருந்தின் பெயரன்று. எது சிறுபிணி, எது அன்று என்னும் வேறுபாடே.

கால்செதில்கள் தூக்கித் தடித்திருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. செதிலடியில் வாழும் நுண்ணிய உண்ணிகளே காரணம். வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, மெல்லத் துடைத்து, வாசலின் தடவிவரின் அவை மூச்சின்றி மடியும்.

ஆனால் குஞ்சு இறகைச் சிலிர்த்துக் குந்தியிருக்க, எச்சத்தில் இரத்தமும் காணின், இரத்தக் கழிச்சல் என ஐயுறுக. சென்ற குளிர்காலத்தில் என் வாடகை வீட்டுக் கொல்லையில் அதனை இவ்வூர்க் குளிரின் நடுக்கமென்றெண்ணி இரு நாள் வாளாவிருந்தேன். ஆறு குஞ்சுகளில் நான்கு மாண்டன. எச்சத்தோடு வெளிப்படும் ஒட்டுண்ணி முட்டைகள் ஈரக் கூளத்தில் முதிர்ந்தே நோய் பரப்பும் வலிமை பெறுகின்றன. ஆதலின் நோயுற்றதைப் பிரித்துவைத்து, ஈரக் கூளத்தை அகற்றி உலர்ந்ததை இட்டு, அன்றே கால்நடை மருத்துவரை நாடுக.