போட்டோவைத் திருத்தலாம், முகத்தைத் திருத்தலாமா?



எனக்குப் போட்டோ எடுப்பது ரொம்பப் பிடிக்கும். எங்கள் வீட்டில் கேமரா கிடையாது. சித்தப்பாவின் செல்போன்தான் என் கேமரா. அவர் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் வரை அது என் கையில் இருக்கும். எடுத்த படங்களை ஸ்னாப்சீட் என்ற இலவசச் செயலியில் திருத்திப் பழகி வருகிறேன். முகப் படத்தை எப்படித் திருத்துவது என்று எழுதச் சொல்லி வகுப்பில் பலர் கேட்டார்கள். நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பாடம் பாதிப் பாடம்தான்.

நான் செய்த தப்பு

என் தோழி கோலப்போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். அவள் படத்தை இந்தச் சுவர் இதழில் ஒட்ட ஆசைப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் அவளை நிற்க வைத்து எடுத்தேன். படத்தில் சுவர் பளபள என்று இருந்தது. அவள் முகம் மட்டும் கருகருவென்று, கண் கூடத் தெரியாமல் வந்தது. "இவ கறுப்பு, அதான் இப்படி வருது" என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். வெளிச்சத்தைக் கடைசி வரை கூட்டினேன். முகத்தை வழவழப்பாக்கினேன். இடது கன்னத்தில் இருந்த மச்சத்தையும் அழித்தேன். சினிமா போஸ்டர் மாதிரி வந்துவிட்டது! டவுனில் பிரிண்ட் போட்டு வாங்கிக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான் இருக்குடி. ஆனா என் மச்சம் எங்க?"

"அது அசிங்கமா தெரிஞ்சுச்சு, எடுத்துட்டேன்."

"எங்க அப்பாவுக்கும் அதே இடத்துலதான்டி இருந்துச்சு."

அவளுடைய அப்பா போன வருடம் இறந்துவிட்டார். எனக்கு என்ன பேசுவது என்றே தெரியவில்லை. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

படம் ஏன் கறுப்பாக வந்தது?

அதற்குப் பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன். கேமராவுக்கு முகம் எது, சுவர் எது என்று நம்மைப் போலத் தெரியாது. படம் முழுவதும் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து, சராசரியாக ஒரு நடுத்தர வெளிச்சம் வரும்படி கணக்குப் போடும். பின்னால் வெள்ளைச் சுவர் வெயிலில் மின்னினால், "வெளிச்சம் அதிகம்" என்று எல்லாவற்றையும் குறைத்துவிடும். முகமும் சேர்ந்து இருண்டுவிடும். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழேயும் மூக்குக்குக் கீழேயும் நிழல் வேறு விழும். ஆக, தப்பு என் தோழியின் நிறத்தில் இல்லை. நான் நிற்க வைத்த இடத்திலும் நேரத்திலும்தான்!

உங்களுக்குத் தெரியுமா?

* போட்டோவைத் திருத்துவது கம்ப்யூட்டர் வந்த பிறகு தொடங்கியது அல்ல. பிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் என்ற ஜெர்மானியர், 1855-ல் பாரிஸில் நடந்த கண்காட்சியில் திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் வைத்து மக்களை ஆச்சரியப்பட வைத்தார்.

* கலர் பிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் இடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு அட்டை கொடுத்தது. அதன் பெயர் ஷெர்லி அட்டை. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்த நிறம் சரியாக வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டதால், கறுப்பாக இருப்பவர்கள் முகம் தெளிவில்லாமல் வந்தது. பல நிறத்துப் பெண்கள் உள்ள அட்டை 1990-களில்தான் வந்தது.

* போட்டோஷாப் 1990-ல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்கள் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி.

* நார்வே நாட்டில் விளம்பரப் படத்தில் ஒருவரின் உடலையோ தோலையோ மாற்றியிருந்தால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும். இந்தச் சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

இனி பாடம்

1. எடுக்கும்போதே பாதி வேலை: காலையிலோ சாயங்காலமோ திண்ணையிலும் வாசற்படியிலும் வரும் வெளிச்சம் நல்லது. முகம் வெளிச்சத்தைப் பார்த்து இருக்க வேண்டும். லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும். நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். எடுக்கும் முன் திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். அப்போது போன் முகத்தை வைத்து வெளிச்சத்தைக் கணக்கிடும்.

2. அசல் படத்தை அழிக்காதீர்கள்: எப்போதும் ஒரு நகல் எடுத்து அதில்தான் திருத்த வேண்டும். அசல் இருந்தால்தான் தப்பைச் சரிசெய்ய முடியும். நான் தப்பித்தது இதனால்தான்.

3. முதலில் வெட்டுங்கள்: ஓரத்தில் தெரியும் துணிக்கொடி, குப்பைக்கூடை எல்லாம் போகட்டும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

4. பிறகு வெளிச்சம்: படம் என்பது லட்சக்கணக்கான சின்னப் புள்ளிகள். சாதாரணமாக நாம் பயன்படுத்தும் படங்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. வெளிச்சத்தை அளவுக்கு மேல் கூட்டினால் பல புள்ளிகள் 255-ல் போய் முட்டிக்கொள்ளும். அங்கே கன்னத்தின் மேடு பள்ளம் எல்லாம் மறைந்து வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் பிரைட்னஸை இழுப்பதற்குப் பதில், இருண்ட இடத்தை மட்டும் தூக்கும் ஷேடோஸைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

5. நிறம்: மரநிழலில் எடுத்தால் முகத்தில் பச்சை அடிக்கும். குண்டு பல்பில் மஞ்சள் அடிக்கும். படத்தில் வெள்ளைச் சட்டையோ வெள்ளைத் தாளோ இருந்தால் அது வெள்ளையாகத் தெரியும் வரை ஒயிட் பேலன்ஸை மாற்றுங்கள். அது சரியானால் தோலின் நிறமும் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

6. கடைசியில்தான் முகம்: ஹீலிங் என்ற கருவி, பக்கத்தில் உள்ள தோலை எடுத்து, நாம் தொட்ட இடத்தை மூடும். நம் அம்மா கிழிசலுக்கு ஒட்டுத் துணி வைப்பது போல. இதற்கு ஒரு விதி உண்டு. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவதை எடுக்கலாம். உதாரணம்: பரு, கொசுக்கடி, ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கை. கூடவே இருப்பதை எடுக்கக் கூடாது. உதாரணம்: மச்சம், தழும்பு, பாட்டியின் சுருக்கம். அந்த ஆளே கேட்டால் மட்டும் எடுக்கலாம்.

பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று ஒரு இடம் இருக்கிறது அல்லவா? ஆசிரியர் நம்மைப் பார்த்து, "இடது கன்னத்தில் ஒரு மச்சம்" என்று எழுதுவார். இது நாம்தான் என்று சொல்ல எழுதுவது அது. அதைத்தான் நான் அசிங்கம் என்று அழித்தேன்.

மறுபடியும் ஒரு படம்

அடுத்த ஞாயிறு சாயங்காலம் தோழியிடம் கேட்டேன், "இன்னொரு தடவை எடுக்கட்டுமா?" என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தாள். அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தேன். முகத்தைத் தொட்டு எடுத்தேன். ஷேடோஸைக் கொஞ்சம் கூட்டினேன், ஓரத்தை வெட்டினேன், நெற்றியில் இருந்த ஒரு பருவை எடுத்தேன். அதுவும் அவளைக் கேட்டுத்தான். அவள் கறுப்பாகத்தான் இருக்கிறாள். ஆனால் கண் தெரிகிறது, சிரிப்பு தெரிகிறது, மச்சமும் தெரிகிறது. அவள் அம்மா அந்த மச்சத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிரிண்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இன்னொரு பிரிண்ட் போட்டுத்தான் இங்கே ஒட்டியிருக்கிறேன். பரிசுக் கோப்பையோடு இருப்பவள்தான் அவள். ஒட்டலாம் என்று அவளே சொன்னாள்.

செய்து பாருங்கள்: வீட்டில் ஒருவரை மதியம் வெள்ளைச் சுவர் முன்னால் ஒரு படமும், சாயங்காலம் திண்ணையில் ஒரு படமும் எடுங்கள். எதையும் திருத்தாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ன வித்தியாசம் என்று எழுதிச் சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்கள்.

சிந்திக்க: உன் படத்தை இன்னொருவர் திருத்தினால், எதை மட்டும் தொடக்கூடாது என்று சொல்வாய்?



ஒன்பதாம் வகுப்பு மாணவி