தெளிகருவியைக் கழுவும் முறை

பயிருக்கு மருந்து தெளிப்பதிற் காட்டும் கவனத்தைத் தெளிகருவியைக் கழுவுவதிற் கமக்காரர் பலர் காட்டுவதில்லை. வயலில் எம்.சி.பி.ஏ. களைநாசினி தெளித்த கருவியைச் சரிவரக் கழுவாது தக்காளிக்கோ மிளகாய்க்கோ பயன்படுத்தினால், இலைகள் முறுகித் தளிர்கள் சுருண்டு பயிர் கெடும். கிணற்றடியிற் கழுவினாலோ, நஞ்சு மண்ணிற் சுவறி நீரை அடையும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடிப் பாறை சுண்ணாம்புக்கல்லாகும். அதன் வெடிப்புக்களினூடாக நீர் விரைவாக இறங்கும். தோட்டத்துக்கு இறைக்கும் கிணற்று நீரையே குடிக்கும் குடும்பங்களும் உள.

ஆகவே, குறைந்த நீரில், நஞ்சை வெளியே கொட்டாது கழுவும் முறையை அறிதல் அவசியம்.

கழுவும் நீர் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றுவதிலும், மூன்றாகப் பிரித்து ஊற்றுவதே சிறந்தது. வடித்தபின் தாங்கியில் 200 மில்லிலீற்றர் கலவை எஞ்சியுள்ளதெனக் கொள்வோம். 6 லீற்றர் நீரை ஒரே முறையில் ஊற்றிக் கழுவி முன்போல வடித்தால், எஞ்சிய மருந்தில் 31 இல் 1 பங்கு கருவியிலே தங்கும். 2 லீற்றர் வீதம் மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் அவ்வாறே வடித்தால், 1331 இல் 1 பங்கே தங்கும். செலவான நீர் இரண்டிலும் ஒன்றே.

செய்முறை வருமாறு:

1. நிலத்தின் அளவுக்குப் போதுமான கலவையை மாத்திரம் தயாரித்தல் வேண்டும். வெறும் மருந்துப் போத்தலையும் மூன்று முறை அலசி, அந்நீரைத் தாங்கியிலேயே சேர்த்தல் வேண்டும்.

2. கடைசி வரியிற் சிறிதளவைத் தெளிக்காது விடுதல் வேண்டும்.

3. தெளித்து முடிந்ததும், மருந்து காயுமுன், வயலிலேயே 2 லீற்றர் நீரைத் தாங்கியில் ஊற்றி மூடி, நன்றாகக் குலுக்குதல் வேண்டும். பின்னர் பம்பை இயக்கி, குழாய், தெளிமுனை ஆகியவற்றினூடாக அந்நீரை விட்டுவைத்த வரியிலே தெளித்தல் வேண்டும். இவ்வாறு மூன்று முறை செய்க.

4. இறுதியில் வடிகட்டியையும் தெளிமுனையையும் கழற்றித் தூரிகையாற் கழுவுதல் வேண்டும். அடைப்பை நீக்க வாயால் ஊதுதல் ஆபத்தானது. கையுறை அணிந்தே இவ்வேலைகளைச் செய்தல் வேண்டும்.

எவ்வளவு கழுவினும் களைநாசினியிற் சிறு பங்கு தங்கக்கூடும். ஆதலின் அதற்கெனத் தனிக் கருவி வைத்திருத்தல் நன்று. இயலாதவர் அயலவருடன் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பொதுவிற் பயன்படுத்தலாம்.

கழுவிய நீரும் மருந்தே. அதனைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் ஊற்றாது பயிருக்கே சேர்த்திடுக.