தொழுவத்திற்கு ஏற்ற மரச் சீவல்

நீலகிரி மலையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்திலோ தொழுவத்தின் தரை எளிதில் காய்வதில்லை. நெல் விளையும் சமவெளியைப் போல் வைக்கோலும் உமியும் இங்கே மலிவாகக் கிடைப்பதில்லை. ஆகவே, கறவை மாட்டிற்கும் கோழிக்கும் மரச் சீவலைப் படுக்கையாகப் பரப்புவது சிக்கனமான வழியாகும். எனினும், பட்டறையில் கிடைக்கும் சீவல் அனைத்தும் இதற்கு உகந்தது அல்ல.

சீவலை வாங்குமுன் அது எந்த மரம் என்பதை மட்டுமன்றி, அம்மரத்திற்கு என்ன செய்யப்பட்டது என்பதையும் நாம் விசாரிக்க வேண்டும். கரையானும் உளுப்பும் அணுகாதிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவை கலந்த மருந்தை மரத்தில் ஏற்றுவது உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933ஆம் ஆண்டில் சொந்தி காமேசன் என்னும் இந்திய விஞ்ஞானி கண்ட முறை இது. கம்பங்களுக்கு நன்மை செய்யும் அம்மருந்து கால்நடைக்கு நஞ்சாகும். இத்தகைய புது மரம் சற்றே பச்சை நிறமாகத் தோன்றும். நாளாக ஆக அந்நிறம் மங்கிவிடும். ஆதலால் கண்ணை மட்டும் நம்பலாகாது. பழைய கம்பம், வர்ணம் பூசிய பலகை, பிசின் கொண்டு ஒட்டிய பிளைவுட் ஆகியவற்றின் சீவலை அறவே தவிர்ப்போமாக.

பைன், சைப்ரஸ் மரங்களின் சீவல் புதிதாக இருக்கையில் நெடி மிகும். நன்கு உலர்த்தி, காற்றாட வைத்து, நெடி அடங்கிய பின்னரே பரப்ப வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். எந்த மரமாயினும் நுண்தூளைச் சலித்து நீக்கிவிடுவது நலம்.

அடுத்தது ஈரம். ஈர மரத்தூளில் கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியா பெருகி, கறவை மாட்டிற்கு மடிவீக்க நோயை உண்டாக்கக்கூடும். பூசணம் பிடித்த சீவலிலிருந்து எழும் நுண்வித்துக்கள் கோழிக் குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கும். எனவே, மழைக்கு முன்பே சீவலை வாங்கிக் கூரையின் கீழ், தரையில் படாமல் அடுக்கி வைத்தல் அவசியம்.

குஞ்சுகளுக்கு 2 முதல் 3 அங்குல உயரம் பரப்பினால் போதும். முதல் சில நாட்கள் அதன்மேல் தாள் விரித்தால், குஞ்சுகள் தீவனமென எண்ணிச் சீவலைக் கொத்தமாட்டா. படுக்கையில் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்கலாம். கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் பதம் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. ஈரமான பகுதியை உடனே அகற்றிப் புதுச் சீவல் இட வேண்டும்.

கழித்த படுக்கையை நேரே வயலில் இட்டால், மரம் மட்குவதற்காக மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். எருக்குழியில் சாணத்தோடு சேர்த்து நன்கு மட்கவைத்த பின் உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கோசுக்கும் இடலாம். நச்சு மருந்து ஏற்றிய மரமோ மட்கினாலும் ஆர்சனிக் அழியாது. அது நம் வயல் மண்ணிலேயே தங்கிவிடும். பட்டறையில் நாம் கேட்கும் ஒரு கேள்வி மாட்டையும் மண்ணையும் ஒருங்கே காக்கும்.