கரை சேர்க்கும் சின்ன மோட்டார்: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, டுவாக்ரா மகளிர் குழுக் கடன் கைக்கு வந்ததும் படகுக்கு இன்னொரு மோட்டார் வாங்கப் போகிறோம் என்றாய். உன் வீட்டுக்காரர் 15 ஹெச்.பி. கேட்கிறார், கடைக்காரர் 2.5 ஹெச்.பி. போதும் என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டாய். இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். கடனைக் கட்டப்போவது நீ. அதனால் கடைக்கு நீயும் போ, போவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போ.

இந்த மோட்டாருக்கு ஒரே வேலைதான். பெரிய என்ஜின் நின்றுபோன நாளில் ஆட்களையும் வலையையும் கரைக்குக் கொண்டுவர வேண்டும். காருக்கு ஸ்டெப்னி எப்படியோ, படகுக்கு இது அப்படி. சீக்கிரம் போவதற்காகவோ, தூரம் போவதற்காகவோ இதை வாங்குவதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தடா, சூளூர்பேட்டை, வாக்காடு கரைகளில் இது அவசியம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்து பைபர் படகுகளில் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின்தான், நீளத் தண்டோடு. உழைக்கிற என்ஜின்தான். ஆனால் டீசலில் தண்ணீர் கலந்தாலும், வலைக் கயிறு தண்டில் சுற்றினாலும், ஒரு பம்பு பழுதானாலும் நடுக்கடலில் நின்றுவிடும். நின்ற படகு நின்ற இடத்தில் இருக்காது. வாடைக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும் வன்னி ஓட்டம் மணிக்கு 2 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள், ஒரு ராத்திரியில் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். நமக்கு இன்னொன்றும் உண்டு. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் இன்ன பகுதிக்குள் படகு வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். என்ஜின் செத்துப்போன படகு அந்தக் கோட்டுக்கு வெளியே எப்படி நிற்கும்?

சரி, எத்தனை ஹெச்.பி.? ஒரு படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது படகின் நீளத்தைப் பொறுத்தது. 28 அடி படகுக்கு அது சுமார் 7 நாட், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர். அதைத் தாண்டிப் படகைத் தூக்கிப் பறக்க வைக்கத்தான் பெரிய மோட்டார் வேண்டும். நமக்கு 4 நாட் கிடைத்தால் போதும், மணிக்கு ஏழரை கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு, சுமையோடு சேர்த்து ஒரு டன்னுக்கு 3 முதல் 4 ஹெச்.பி. என்று கணக்குப் போடலாம். படகு, நின்றுபோன டீசல் என்ஜின், நனைந்த வலை, ஐஸ், மீன், நான்கு ஆள் எல்லாம் சேர்த்தால் 2 டன் வந்துவிடும். அப்போது 6 முதல் 8 ஹெச்.பி. 2.5 ஹெச்.பி. மோட்டார் அமைதியான ஏரியில் தள்ளும். எதிர்க்காற்றும் அலையும் சேர்ந்தால் சத்தம் மட்டும் வரும், படகு நகராது. 15 ஹெச்.பி. தேவையில்லாத காசு, தேவையில்லாத கனம்.

கடைக்காரர் தானாகச் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்ட்களில் பல கம்பெனிகள் 4, 5, 6 ஹெச்.பி. மூன்றையும் ஒரே ஒற்றை சிலிண்டர் உடம்பில்தான் செய்கின்றன. கனம் 25 முதல் 27 கிலோ. அதனால் 4 வாங்கினால் கனத்தில் எதுவும் மிச்சமாகாது, 6 வாங்கு. 8-க்குப் போனால் இரட்டை சிலிண்டர், கனம் ஒரேயடியாக 40 கிலோ பக்கம் ஏறும். 8-ம் 9.9-ம் அநேகமாக ஒரே உடம்புதான். திருட்டுக்குப் பயந்து மோட்டாரை தினமும் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வருகிறவர்கள் நாம். 27 கிலோவை ஓர் ஆள் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடப்பார், 40 கிலோவுக்கு இரண்டு பேர் வேண்டும். தூக்க அலுத்துப்போய் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் மோட்டாரால் யாருக்கு என்ன பயன்? உங்கள் படகு 28 அடி, விடியற்காலை போய் மத்தியானம் திரும்புகிற தொழில். 6 போதும் என்பது என் தீர்மானம். ராத்திரி தங்கி ஐஸ் பெட்டி நிறையக் கொண்டுவரும் 32 அடி படகென்றால் 8.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதில் ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். டூ ஸ்ட்ரோக் கனம் குறைவு, நம் மெக்கானிக்குகளுக்குப் பழகியது. ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். பழகிய மோட்டாருக்கு வழக்கமாக 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி. நான் ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் நிற்பது வேறொரு காரணத்துக்காக. எப்போதோ ஒருநாள் ஓடும் மோட்டாரின் முதல் எதிரி பழைய பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடல்காற்றில் இன்னும் வேகமாக இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து கேனின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அது கார்புரேட்டருக்குள் போனால் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் மோட்டார் கிளம்பாது. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் கேனில் இருப்பது வெறும் பெட்ரோல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதை வீட்டு பைக்கில் ஊற்றிவிட்டுக் கேனில் புதிதாக நிரப்பிக்கொள்ளலாம். ஒரு சொட்டு வீணாகாது. ஆயில் கலந்த பெட்ரோலை பைக்கில் ஊற்ற முடியாது, அதனால் மாதக்கணக்கில் கேனிலேயே கிடக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே: ஃபோர் ஸ்ட்ரோக்கைப் படுக்க வைக்கும்போது எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று அதன் உடம்பிலேயே குறி இருக்கும். பக்கம் மாறினால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

கேரளாவிலிருந்து மண்ணெண்ணெய் மோட்டார் செகண்ட் ஹேண்டில் மலிவாக வரும், வேண்டாம். அதைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு வரவேண்டும். தினமும் ஓட்டுகிறவருக்கு அது பழகிப்போகும். ஆபத்தில் அவசரமாகக் கிளப்புகிறவருக்கு அது உதவாது.

அடுத்தது தண்டின் நீளம், இதில்தான் பலர் காசைக் கொட்டுகிறார்கள். மோட்டார் மாட்டும் பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை டேப் வைத்து அளந்துகொண்டு போ. 15 அங்குலம் என்றால் ஷார்ட், 20 அங்குலம் என்றால் லாங். அளவு இரண்டுக்கும் நடுவில் இருந்தால் லாங் எடு. அலையில் பின்பக்கம் தூக்கும்போது புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுமனே சுற்றும், ஷார்ட்டில் அது அதிகம். புரொப்பல்லருக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கும், அது படகின் அடிமட்டத்தோடு அல்லது ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். புரொப்பல்லரிலும் கேள். கம்பெனி மாட்டி அனுப்புவது பெரும்பாலும் லேசான சின்னப் படகுக்கானது. நமக்கு பிட்ச் எண் குறைந்தது வேண்டும். வேகம் குறையும், ஆனால் கனத்தைத் தள்ளும்.

பின்பலகையின் நடுவில் டீசல் என்ஜின் உட்கார்ந்திருக்கும். அதன் தண்டு இரண்டு பக்கமும் வீசித் திரும்பும் என்பதால் சின்ன மோட்டாரை அது இடிக்காத ஓரத்தில் மாட்ட வேண்டும். பைபருக்கு உள்ளே இருக்கும் மரம் ஊறிப்போயிருக்கலாம். சுத்தியலால் தட்டிப் பார், மொத்தென்று கேட்டால் முதலில் அதைச் சரிசெய். உள்பக்கம் ஒரு தகடு வைத்து ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு பிராக்கெட்டை முறுக்கச் சொல். திருகுப் பிடியை மட்டும் நம்பாமல் சங்கிலி ஒன்றும் போடு.

ஏரியில் மட்டும் தொழில் செய்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. பழவேற்காடு ஏரியின் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். அடிச்சேறு தண்ணீர்த் துளையில் ஏறினால் மோட்டார் சூடாகிவிடும். பீமுனிவாரிபாளையத்திலிருந்து இருக்கம் தீவுக்குப் போய்வருகிற அளவு வேலைக்குக் காற்றிலேயே குளிரும் 2 ஹெச்.பி. சொச்சம் மோட்டார் பொருத்தம், ஹோண்டாவில் அப்படி ஒன்று வந்தது. ஆழமில்லாத இடத்தில் பாதி தூக்கி ஓட்டும் வசதி இருக்கிறதா என்றும் பார். ஏரியின் ஆந்திரப் பகுதி பறவைகள் சரணாலயம், எங்கே மோட்டார் போடலாம் என்று வனத்துறையில் கேட்டுக்கொள்ளச் சொல். பிச்சாட்டூர் ஆரணியாறு அணையில் பரிசல் போடும் நம் சொந்தக்காரர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம், துடுப்பு போதும்.

பழைய மோட்டார் வாங்குவதானால் கடைக்குப் போனதும் முதலில் மூடியைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் நீ வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறட்டும், டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல். ஆறிய மோட்டார் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதுதான் பரீட்சை. உங்கள் படகிலேயே ஒல்லியான பையனை விட்டு இழுக்கச் சொல். பின்னால் ஒரு துளையிலிருந்து தண்ணீர் நூல்போல விடாமல் பீய்ச்ச வேண்டும், அது வராவிட்டால் உள்ளே குளிர்ச்சி போகவில்லை. கீழே கியர் ஆயில் திருகைத் திறந்து ஒரு சொட்டு எடுக்கச் சொல், பால்போல வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புதிதோ பழசோ, இம்பெல்லர், பிளக், புரொப்பல்லர் பின் மூன்றும் காசிமேட்டில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் கம்பெனியை முடிவு செய். யமஹா, சுசுகி, டோஹட்சு, மெர்குரி எல்லாமே நல்ல பெயர்தான். பார்ட்ஸ் கிடைக்காத நல்ல பெயர் நமக்கு வேண்டாம்.

பெட்ரோல் எவ்வளவு வைப்பது? 10 கிலோமீட்டர் வெளியே போகிறார்கள் என்று வை. ஒன்றரை நாட் ஓட்டம் எதிரே வந்தால் 4 நாட் படகு இரண்டரை நாட்டாகிவிடும், கரைக்கு 2 மணி 10 நிமிடம். 6 ஹெச்.பி. முழு வேகத்தில் மணிக்கு 2.5 லிட்டர் குடித்தால் ஐந்தரை லிட்டர். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் ஏழரைக்குக் கொஞ்சம் கீழே. ஆக, 10 லிட்டர் கேன். மோட்டாரோடு ஒட்டிய குட்டி டேங்கில் ஒரு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும், அதை நம்பிக் கடலுக்குப் போகக்கூடாது. கேனை வெயில் படாமல், காற்றோட்டமாக, சமையல் அடுப்புக்கு எட்டாமல் வைக்கச் சொல்.

இப்போது உன் கைவேலை ஒன்று. ராத்திரி மழையில் பதற்றத்தில் மோட்டார் கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் பழுது காரணம் இல்லை. டேங்கின் காற்றுத் திருகைத் திறந்திருக்க மாட்டார்கள், அல்லது சிவப்புக் கயிற்று கிளிப்பை மாட்டியிருக்க மாட்டார்கள். வெள்ளை நெயில் பாலிஷ் எடுத்து மோட்டாரிலேயே எண் எழுதிவிடு: காற்றுத் திருகு 1, பெட்ரோல் குழாய் 2, கிளிப் 3, சோக் 4. அந்த வரிசைப்படி தொட்டுக்கொண்டே வந்தால் கிளம்பிவிடும். இன்னொரு கிளிப் வாங்கி பிளக், பிளக் ஸ்பேனர், பின், இழுகயிறு இவற்றோடு மூடிபோட்ட டப்பாவில் போட்டுக் கொடு.

பெரிய என்ஜின் நின்றதும் முதலில் நங்கூரம், பிறகுதான் சின்ன மோட்டார். கயிறு எட்டுகிற ஆழமென்றால் படகு நின்றுவிடும், நிதானமாக வேலை பார்க்கலாம். டீசல் தண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது பின்னுக்கு இழுக்கும். முகத்துவாரத்தில் அலை உடைந்துகொண்டிருந்தால் சின்ன மோட்டாரோடு உள்ளே நுழையவே கூடாது. வெளியே நின்று இன்னொரு படகுக்குக் காத்திருக்கட்டும், கடலோரக் காவல்படையை 1554-இல் கூப்பிடட்டும். வி.எச்.எஃப். இருந்தால் சேனல் 16. லைஃப் ஜாக்கெட் எண்ணி ஏற்றுவது உன் பொறுப்பு.

வாரத்துக்கு ஒருநாள் திரும்பி வரும்போது கடைசி அரைக் கிலோமீட்டரைச் சின்ன மோட்டாரில் வரச் சொல். வீட்டில் ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவு, முடிவில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டுத் தானாக அணையும்வரை விடு, கார்புரேட்டர் காய்ந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கியர் ஆயில், இம்பெல்லர், துத்தநாகக் கட்டி மூன்றையும் மாற்றிவிடு.

பணம் கட்டுமுன் திருப்பதி மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போ. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில் பயனாளித் திட்டங்களுக்குப் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி.-க்கும் 60 சதவீதம் மானியம். மோட்டாருக்கு இப்போது இடம் இருந்தால் மனுவை உன் பெயரில் போடு. வாங்கிய பிறகு போனால் பில் செல்லாமல் போகலாம். பில்லில் என்ஜின் நம்பர் மோட்டாரில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று நீயே பார்.

வாங்கிய வாரமே வலையும் ஆளும் ஏற்றிக்கொண்டு, டீசலை நிறுத்திவிட்டு, ஒரு கிலோமீட்டர் சின்ன மோட்டாரில் ஓட்டிப் பார்க்கச் சொல். எத்தனை நிமிடம், எவ்வளவு பெட்ரோல் என்று பில்லின் பின்பக்கம் எழுதி வை. நான் மேலே சொன்ன 10 லிட்டர் பொதுக்கணக்கு. உங்கள் படகுக்கு அது கூடுமா குறையுமா என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும்.