பிரேக்கில் புகுந்த காற்று
மாணவர்களே, கரடுமுரடான நிலத்தில் ஓடும் ஏ.டி.வி. வண்டியின் பிரேக் பிடி பஞ்சுபோல் அமுங்குகிறது, வண்டி நிற்கவில்லை. ஏன்?

திரவம் எளிதில் சுருங்காது. தந்த அழுத்தத்தை எங்கும் சமமாகச் செலுத்தும். இதுவே பாஸ்கல் விதி. காற்றோ சுருங்கும். குழாயில் குமிழி இருந்தால், பிடியின் நகர்வு அதைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

பிரேக் திரவம் ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் 155 வரை இறங்கலாம். நெடிய இறக்கத்தில் பிரேக் சூடேறினால் ஆவிக் குமிழிகள் தோன்றும்.

ஆகவே திரவத்தை மாற்ற வேண்டும். பிடியை அழுத்தியபடி சக்கரத்தருகிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தினால், பழைய திரவம் குமிழிகளுடன் வெளியேறும். திருகை மூடிய பின்னரே பிடியை விட வேண்டும். இல்லையேல் காற்று மீண்டும் புகும். மேலுள்ள கலம் வற்றாமல் புதுத் திரவம் ஊற்றி, பிடி கெட்டிப்படும் வரை தொடர வேண்டும்.